செத்தும் அடங்காதவர்கள்: நம்ம ஊர்ப் பாலையும் பேயும்



பேய்க்கதை படித்தால் ராத்திரி தூக்கம் வராது என்பவர்கள் இந்தப் பதிவைப் பகலில் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை பேரன் ஒரு விளையாட்டு விளையாடுகிறான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. அதில் 'டார்க் சன்' என்று ஓர் உலகம். 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த உலகம் பெரும்பாலும் பாலைவனம். அங்கே ட்ரெகோத் என்று ஒரு மந்திரவாதி அரசன். அவனைக் கண்டு பயந்த மற்ற மந்திரவாதி அரசர்கள் ஒன்று சேர்ந்து வந்து அவனைக் கொன்று, அவன் நகரத்தையும் பாழாக்கிவிடுகிறார்கள். செத்தவன் திரும்ப எழுந்துவிடுகிறான். இடிந்த நகரத்துக்கு அடியில், பூமிக்குள் இருந்துகொண்டு, ஒருநாள் தெய்வமாகிவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறான். விளையாடுகிறவர்களுக்கு அவன்தான் வில்லன்.

"இந்த மாதிரி செத்தும் சாகாத வில்லன் நம்ம ஊர்ல உண்டா பாட்டி?" என்று கேட்டான். உண்டு. பாலையும் உண்டு, மண் மூடிய நகரமும் உண்டு. போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லாததால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாலை எங்கே தொடங்குகிறது?

பாலைவனம் என்றதும் ராஜஸ்தானையும் அரேபியாவையும் நினைக்கிறோம். சிலப்பதிகாரம் காட்டும் பாலை, நாம் திருச்சியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப் போகிற திசையில்தான் இருக்கிறது.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து வருகிறார்கள். ஆற்றின் நடுவில் இருக்கும் அரங்கத்தில் தங்கி, தென்கரைக்கு வந்து, உறையூரை அடைகிறார்கள். அதுவரை வயல், சோலை, நீர்ப்பறவை என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பகுதிக்குப் பெயரே நாடுகாண் காதை. உறையூரை விட்டுத் தெற்கே திரும்பியதும் அடுத்தது காடுகாண் காதை. வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். கொடும்பை நெடுங்குளத்துக் கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று அவன் சொல்கிறான். அந்தக் கொடும்பை இன்றைய கொடும்பாளூர் என்பார்கள். விராலிமலையைத் தாண்டி, மூவர் கோயில் இருக்கிறதே, அதே ஊர். திருச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

மூன்றில் நடுவழியில் போகும்போது கோவலன் தாகத்துக்குத் தண்ணீர் தேடி ஒரு பொய்கைக்கு ஒதுங்குகிறான். அங்கே கானுறை தெய்வம் ஒன்று, மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. சந்தேகப்பட்ட கோவலன் கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். உடனே அது தான் யார் என்று ஒப்புக்கொண்டு, "நடந்ததை உன் மனைவியிடமும் அந்த அடிகளிடமும் சொல்லிவிடாதே" என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நீங்கள் சிரித்தது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

மாங்காட்டு மறையவன் அந்த வழியைப் பற்றிப் பேசும்போது சொல்வதுதான் இந்தப் பதிவுக்கு அச்சாணி. குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை என்று நிலம் உண்டு. பாலைக்குச் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி, வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை. அதாவது பாலை பிறவியிலேயே பாலை இல்லை. அது பச்சையாக இருந்த இடம். வேண்டியது கிடைக்காமல் போனதால் இப்படி ஆனது. மழை பெய்தால் மறுபடி முல்லையாகும்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த விளையாட்டு உலகமும் ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததுதானாம். மந்திரவாதிகள் மந்திரம் போடுவதற்கான சக்தியைச் செடி கொடிகளின் உயிரிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தைச் சாம்பலாக்கிவிட்டார்கள். அதை எழுதியவர்கள் இளங்கோவடிகளைப் படித்திருக்க வழியில்லை. பசுமை போனால் மிஞ்சுவது பாலை என்பது எந்த ஊர்க்காரனுக்கும் தெரிகிற உண்மைபோலும்.

மண் மூடிய உறையூர்

மண்ணுக்கு அடியில் போன நகரம் வேண்டுமென்றால் வெளியூர் தேட வேண்டாம். உறையூர்க்காரப் பிள்ளைகளுக்குப் பாட்டி சொன்ன கதைதான்.

சாரமா முனிவர் என்பவர் செவ்வந்தி நந்தவனம் வைத்து மலைக்கோட்டைச் சிவனுக்குப் பூ சாத்திவந்தார். அந்தப் பூக்கள் களவு போயின. அரசனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் திருட்டு நடக்கிறது என்று தெரிந்து, முனிவர் அரசனிடமே முறையிட்டார். அரசன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முனிவர் சிவனிடம் போனார். சிவன் உறையூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க, ஊர் மேல் மண்மாரி பெய்தது. தாயுமானவர் மேற்கு நோக்கி இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வீடிழந்து வெட்டவெளியில் நின்ற மக்களைக் காத்தவள் வெக்காளியம்மன். ஊரில் எல்லாருக்கும் கூரை கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்றாளாம். இன்றும் அவள் கருவறைக்கு மேல் கூரை இல்லை. வெயிலும் மழையும் அவள் தலையிலேதான்.

புராணத்தைப் புராணமாகவே படிப்போம். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தவை பழைய பானை ஓடுகளும், எழுத்துப் பொறித்த ஓடுகளும், துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டியும். நெசவும் வணிகமும் நடந்த பழைய ஊர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது உண்மை. அது ஏன் போயிற்று என்பதற்கு மக்கள் வைத்துக்கொண்ட காரணத்தைக் கவனியுங்கள். பூத் திருடியதற்காக மண் பொழியவில்லை. முறையீட்டை அரசன் கேட்காமல் விட்டதற்காகப் பொழிந்தது. கேட்கப்படாத முறையீடு என்ற இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பேய்களுக்கும் அதுதான் ஊற்று.

பசித்த பேய்கள்

பாலையையும் பேயையும் ஒரே இடத்தில் வைத்துப் பாடியவர் செயங்கொண்டார். முதலாம் குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின் மேல் படையெடுத்துச் சென்று வென்றதைப் பாடுகிற நூல் கலிங்கத்துப்பரணி. போரைச் சொல்வதற்கு முன் ஒரு பாலை நிலத்தையும், அதன் நடுவே காளி கோயிலையும், அங்கே குடியிருக்கும் பேய்களையும் வரிசையாகக் காட்டுகிறார்.

அந்தப் பேய்களைப் பார்த்துப் பயம் வருவதைவிடப் பரிதாபமும் சிரிப்பும்தான் வரும். நொண்டிப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய். பழைய போர்களில் கூழுக்கு அலைந்ததில் ஆளுக்கொரு ஊனம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று பசி. வயிறு ஒட்டிப்போய், அடுத்த போர் எப்போது வரும், வயிறாரக் கூழ் எப்போது கிடைக்கும் என்று காத்துக்கிடக்கின்றன. கலிங்கப் போர் முடிந்ததும் களத்தில் கூழ் அடுகின்றன. ஒன்றுக்கொன்று பரிமாறி உண்கின்றன. வெற்றியைப் பாடும் நூல்தான். ஆனால் போர் என்றால் யாருக்கு விருந்து என்பதையும் அதே நூலே காட்டிவிடுகிறது.

நம் இலக்கியத்தின் பேய்க்கு இது முதல் இலக்கணம்: பேய் என்றால் பசி. வேண்டியது கிடைக்காமல் போனது. பாலைக்கு மழை எப்படியோ, பேய்க்குச் சோறு அப்படி.

நீலி யாருடைய வில்லி?

இரண்டாவது இலக்கணத்துக்குத் தொண்டைநாடு போக வேண்டும். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். அங்கே நடந்ததாகச் சொல்லும் நீலி கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூடு இது. கணவன் ஒருவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். பிறகு அவன் வணிகனாகப் பிறந்து பழையனூர் வருகிறான். கொலையுண்டவள் பேயாகி, பெண்ணுருக் கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். வணிகனுக்குச் சந்தேகம், பயம். ஊரின் வேளாளர் 70 பேரும் கூடி, "அவளோடு தங்கு. உன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை வணிகன் பிணமாகக் கிடக்கிறான். நீலியைக் காணோம். 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தச் செய்தி பழையது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரே தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் பழையனூர் வேளாளரின் வாய்மையைப் போற்றுகிறார். அந்த 70 பேருக்குப் பழையனூரில் நினைவு மண்டபம் உண்டு. நீலிக்கு மிஞ்சியது ஒரு வசைச்சொல்: நீலிக்கண்ணீர்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து நாள் வராமல் இருந்துவிட்டு வந்து, ஆசிரியர் அறை வாசலில் நின்று அழுதாள். "ஆரம்பிச்சுட்டா நீலிக்கண்ணீர்" என்றார் ஒருவர். உட்கார வைத்துக் கேட்டபோதுதான் வீட்டில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருப்பது தெரிந்தது. இரண்டு பேராக வீட்டுக்குப் போய், தாத்தாவிடம் கெஞ்சி, அப்பாவிடம் வாதாடி, ஒருவழியாகத் தள்ளிப்போட வைத்தோம். பத்தாவது எழுதினாள், மேலே படித்தாள். யாரென்று சொல்லமாட்டேன். இதைப் படித்துக்கொண்டிருப்பாள்.

நீலிக்கதையை அந்தப் பக்கம் நின்று பாருங்கள். அவள் முதலில் கொலையுண்டவள். உயிரோடு இருந்தபோது அவள் வழக்கைக் கேட்டவர் யாரும் இல்லை. செத்த பிறகு ஊர் கூடிக் கேட்டபோது அவள் சொன்னது பொய். உண்மைக்கு நேரம் தாண்டிவிட்டது. அவள் செய்தது நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பாவமும் அறியாத 70 பேர் அல்லவா எரிந்தார்கள்! ஒருவன் செய்த கொலைக்கு நாளானால் யார் யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இந்தக் கதை சுமந்து வருகிற பயம்.

நீலியை வில்லியாகவே விட்டுவிடாத புலவர் ஒருவரும் இருந்தார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எழுதிய சமணப் புலவர். பெயர் கிடைக்கவில்லை. அவர் கதையில் பழையனூர் நீலி, சுடுகாட்டில் தவம் செய்யும் முனிசந்திரர் என்ற சமண முனிவரைப் பயமுறுத்தி விரட்டப் போகிறாள். என்ன செய்தும் அவர் அசையவில்லை. விரட்டப் போனவள் அவரிடமே பாடம் கேட்டு, கொல்லாமையை ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலான மற்றச் சமயத்தாரோடு வாதம் செய்கிற அறிவாளியாகிறாள். தமிழில் ஒரு முழுத் தத்துவ வாத நூலுக்குத் தலைவி யார் என்றால், பேயாக இருந்த பெண். இதைப் பரீட்சைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகவே படித்துவிட்டு மறந்துபோகிறோம்.

ஸ்ரீரங்கத்தில் வருஷா வருஷம் ஒரு பிரம்மராட்சசன்

இப்போது வீட்டுக்கு வருவோம். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசிக்குக் கைசிக ஏகாதசி என்று பெயர். அன்று இரவு நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார். குளிர்காலத் தொடக்கம் என்பதால் வஸ்திரம் சாத்துவார்கள். ஒன்றிரண்டு அல்ல, வருஷத்தின் நாள்கணக்குக்கு 365. அந்த இரவில் பராசர பட்டரின் பரம்பரையில் வந்த பட்டர் கைசிக புராணத்தை வாசிப்பார். விடிந்து துவாதசியன்று பெருமாள் படியேறி மூலஸ்தானம் திரும்பும்போது பச்சைக் கற்பூரப் பொடியைத் தூவுவார்கள். கற்பூரப் படியேற்றம் என்று அதற்குப் பெயர்.

படியேற்றம் பார்க்க முண்டியடிக்கிற நம்மில் பலருக்கு, ராத்திரி வாசித்தது ஒரு பிரம்மராட்சசன் கதை என்பது தெரியாது.

கதை நடப்பது நெல்லைச் சீமையில், மகேந்திரகிரி அடிவாரத்துத் திருக்குறுங்குடியில். வராக புராணத்தில் வராகப் பெருமாளே பூமாதேவிக்குச் சொல்வதாக வருகிறது. நம்பாடுவான் என்று ஒரு பாடகர். வடமொழிப் புராணம் அவரைச் சண்டாளர் என்கிறது. தமிழ் மரபு பாணர் குலம் என்கிறது. கோயிலுக்குள் போக முடியாதவர். ஒவ்வோர் இரவும் பின்ஜாமத்தில் வந்து, வெளியே நின்று, யாழெடுத்து நம்பியைப் பாடிவிட்டு விடியுமுன் போய்விடுவார். கார்த்திகை ஏகாதசி இரவு விரதமிருந்து பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சசன் அவரைப் பிடித்துக்கொள்கிறான். பல நாள் பசி. தின்னப் போகிறேன் என்கிறான்.

நம்பாடுவான் கெஞ்சவில்லை. "என்னைத் தின்பது உன் பாடு. என் விரதம் கெடக்கூடாது. போய்ப் பாடி முடித்துவிட்டு வருகிறேன், பிறகு தின்றுகொள்" என்கிறார். கையில் அகப்பட்ட இரை திரும்பி வருவதாவது! ராட்சசன் நம்புவதாக இல்லை. நம்பாடுவான் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தியம் செய்கிறார்: திரும்பி வராவிட்டால் இன்ன பாவம் செய்தவன் போகும் கதிக்குப் போவேன், இன்ன பாவம் செய்தவன் கதிக்குப் போவேன் என்று 18 சத்தியங்கள். கடைசிச் சத்தியத்தைக் கேட்டதும் ராட்சசன் விட்டுவிடுகிறான்.

போனார், பாடினார், திரும்பினார். வழியில் கிழவர் ஒருவர் மறித்து, "அந்தப் பக்கம் போகாதே, ராட்சசன் இருக்கிறான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னால் பாவமில்லை" என்கிறார். "வாக்குத் தவறி உயிர் வாழமாட்டேன்" என்று சொல்லி வேகமாக நடக்கிறார் நம்பாடுவான். கிழவராக வந்தவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

இனிமேல்தான் கதையின் திருப்பம். திரும்பி வந்து நிற்பவரைப் பார்த்ததும் ராட்சசனுக்குப் பசி போய்விடுகிறது. "நீ பாடிய பாட்டின் பலனை எனக்குக் கொடு" என்று கேட்க ஆரம்பிக்கிறான். இந்த இரவு பாடியது எல்லாம் வேண்டும் என்கிறான். முடியாது என்கிறார். பாதியாவது? மாட்டேன். ஒரு ஜாமத்துப் பாட்டு? அதுவும் மாட்டேன், என்னைத் தின்பதாகத்தானே பேச்சு, தின்றுகொள் என்கிறார். கடைசியில் ராட்சசன் அவர் காலில் விழுகிறான். தின்ன வந்தவன் கும்பிடுகிறான், இரையாக வந்தவர் யோசிக்கிறார். அப்போதுதான் நம்பாடுவான், "நீ இப்படி ஆனதற்குக் காரணம் என்ன?" என்று கேட்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அந்தக் கேள்விதான். வாளோடு வந்தவர்கள் யாரும் அவனிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவன் சொல்கிறான். போன பிறவியில் சோமசர்மா என்ற அந்தணன். மந்திரமும் முறையும் சரியாகத் தெரியாமல் ஆசையால் யாகம் செய்யத் தொடங்கினான். யாகம் முடியுமுன்னே வயிற்றுவலி கண்டு இறந்துபோனான். முடியாத யாகம், முறைதவறிய மந்திரம். அதனால் இந்தப் பிறவி. கேட்டு முடித்த நம்பாடுவான், கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனை அவனுக்குத் தருகிறார். ராட்சச உருவம் நீங்கி அவன் நற்கதி அடைகிறான். அந்தப் பண்ணின் பெயரே ஏகாதசிக்கும் புராணத்துக்கும் நிலைத்தது.

திருக்குறுங்குடியில் இதை நாடகமாகவே ஆடுவார்கள். நடுவில் நின்றுபோயிருந்த அந்தக் கைசிக நாடகத்தை 1990களின் இறுதியில் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் முயன்று மீட்டெடுத்தார்கள். அந்தக் கோயிலில் கொடிமரம் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலகி இருக்கும். வெளியே நின்று பாடிய நம்பாடுவானை நம்பி பார்ப்பதற்காக விலகியது என்பார்கள்.

வெளியே நின்றவர்கள்

இந்தப் புராணத்துக்கு வியாக்கியானம் செய்தவர் பராசர பட்டர். கூரத்தாழ்வானின் பிள்ளை, இராமானுசரின் அன்புக்குரிய சீடர், 12ஆம் நூற்றாண்டில் நம் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பெரும் பண்டிதர். தர்க்கத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. அவ்வளவு படித்தவர் எடுத்துக்கொண்ட கதையில் யாகம் செய்தவன் ராட்சசனாகிறான். கோயிலுக்கு வெளியே நின்ற பாணர் தம் ஒரு பாட்டால் அவனைக் கரையேற்றுகிறார். படிப்பும் பிறப்பும் காப்பாற்றாதவனைச் சொல் தவறாமை காப்பாற்றியது என்பதை, படிப்பும் பிறப்பும் நிறைந்த சபையில் பெருமாள் முன்னால் வாசிக்கிறார்கள். வருஷம் தவறாமல்.

நம்ம ஊருக்கு இது புதிதும் இல்லை. உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வாரும் பாணர் குலம். காவிரியின் இக்கரையில் நின்று அக்கரை அரங்கனைப் பாடியவர். வழிவிடவில்லை என்று உலோகசாரங்கர் கல்லெறிய, அரங்கன் ஆணைப்படி அதே உலோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து சன்னிதிக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் வரலாற்று ஆசிரியையாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இத்தனை நூற்றாண்டு இந்தக் கதைகளைக் கேட்ட நாட்டில், நம்பாடுவானைப் போல வெளியே நின்ற மக்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1939 ஆக வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்களை அழைத்துப் போனார். எதிர்ப்பும் வழக்கும் மிரட்டலும் வந்தன. பிறகு 1947இல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களை எல்லாருக்கும் திறந்தது. கதையில் கொடிமரம் விலகிற்று. நிஜத்தில் கதவு திறக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது.

நம்பாடுவானின் பாட்டைப் புண்ணியமாக வாங்கிக்கொண்டோம். நம்பாடுவானை வாசலிலேயே நிற்க வைத்தோம். கேட்கப்படாத முறையீடு பேயாகும் என்று நம் முன்னோர் சொன்னது உண்மையானால், இந்த முறையீடு எத்தனை தலைமுறையாக நம் தெருக்களில் அலைந்திருக்கும்! இன்னும் சில ஊர்களில் அலைந்துகொண்டுதான் இருக்கிறது. செய்தித்தாளைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக

இத்தனை கதைகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு சரடு ஓடுகிறது. பசித்தால் பரணியின் பேய். வழக்குக் கேட்கப்படாவிட்டால் நீலி. தொடங்கியது முடியாவிட்டால் பிரம்மராட்சசன். யாரும் பேயாகப் பிறக்கவில்லை. முல்லை திரிந்து பாலையானதுபோல் மனுஷர்கள் திரிந்து பேயானார்கள்.

அதனால்தான் அவர்களை அடக்கும் வழியும் வேறாக இருக்கிறது. ட்ரெகோத்தை இரண்டாவது தடவையும் கொல்லத்தான் பார்க்க வேண்டும். அவன் கதையை எழுதியவர்கள் அவனை அப்படிப் படைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு அது வேண்டியதுதான். நம் கதைகளில் பரணிப் பேய்க்குக் கூழ் கிடைத்தது, நீலகேசிக்கு அசையாத ஒரு மனிதரும் நல்ல பாடமும் கிடைத்தன, சோமசர்மாவுக்குச் சொன்ன நேரத்தில் திரும்பி வந்த ஒருவர் கிடைத்தார். "இப்படி ஏன் ஆனாய்?" என்று கேட்கவும் செய்தார். பழையனூர் நீலிக்கு மட்டும் அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதன் விலையை ஊரே கொடுத்தது.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், அதிகாரிகள், போலீஸில் இருப்பவர்கள், வீட்டில் பெரியவர்கள். உங்கள் முன்னாலும் யாராவது வில்லன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். தண்டனை கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். அதற்கு முன் நம்பாடுவான் கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். யாருக்காவது வருகிறேன் என்று சொல்லியிருந்தால் போய் நில்லுங்கள்.

கைசிக ஏகாதசி பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வரும். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவர்கள், ஊருக்கு வருகிறவர்கள், காலைப் படியேற்றத்துக்கு மட்டும் வராமல் முந்தின ராத்திரியே வாருங்கள். வாசிப்பில் எல்லாச் சொல்லும் புரியாது, பரவாயில்லை. கதை இப்போது உங்களுக்குத் தெரியும். கையில் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். காவிரிக் காற்று அந்த நேரத்தில் சில்லென்று இருக்கும்.

உங்கள் ஊரில் பேயாகிவிட்ட மனுஷர் கதை இருந்தால் எழுதுங்கள். எந்த ஊர், யார் சொல்லிக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் வரலாறு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்